வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்தால் மலேரியா போய்விடுமா?

சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. 9 வயதில் ஒரு மகன், மாமியார், ஒரு கறவை மாடு. வீட்டுக்குப் பின்னால் ஐந்து லைன் வீடுகள் கட்டி, ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஜூன் நடுவில் ரஜ பண்டிகைக்கு ஊருக்குப் போன ஒரு பையன் 20-ஆம் தேதி திரும்பினான். 27-ஆம் தேதி வாக்கில் குளிர் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை ஊசி போட்டார்கள். இறங்கியது, மறுபடி ஏறியது. ஜூலை 6-ஆம் தேதிதான் ரத்தப் பரிசோதனை செய்து விவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி வாசகியின் மகனுக்கே காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்ததில் அதே விவாக்ஸ்.

இப்போது தெருவே பேசுகிறது. "வடக்கத்திப் பசங்களைக் காலி பண்ணுங்க" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். கணவர், தெருச் சாக்கடைதான் காரணம், பஞ்சாயத்தில் புகை அடிக்கச் சொல்லி மனுக் கொடுப்போம் என்கிறார். மாமியார் நிலவேம்புக் கஷாயம் கொடுக்கிறார். ஒகேனக்கல் தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வருவதால் தரைத்தொட்டியிலும் மாடியில் 2,000 லிட்டர் சின்டெக்ஸிலும் பிடித்து வைக்கிறார்கள். சின்டெக்ஸ் மூடி சித்திரைக் காற்றில் உடைந்துபோக, சாக்கைப் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள். தொட்டிக்கு மருந்து ஊற்ற வரும் பணியாளர்களை, குடிக்கிற தண்ணீராயிற்றே என்று மாடிக்கு விடவில்லை. ஆவணி கடைசியில் ஏழு மாதக் கர்ப்பிணியான நாத்தனாரைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வரச் சொல்லலாமா என்ற பயம் வேறு. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "மகனுக்குக் காய்ச்சல் விட்டதாலும் வயிற்று வலி என்று அழுததாலும் 14 நாள் மாத்திரையை ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். அது பொறுக்காது.

நிறுத்திய மாத்திரை

உங்கள் மகனுக்கு இரண்டு மருந்து கொடுத்திருப்பார்கள். மூன்று நாள் கொடுத்தது குளோரோகுயின். அது ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். காய்ச்சல் இறங்கியது அதனால்தான். 14 நாளுக்குக் கொடுத்த சின்ன மாத்திரை பிரிமாகுயின். விவாக்ஸ் கிருமி கொசுக்கடியில் உள்ளே வந்ததும் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அதில் ஒரு பங்கு பெருகி ரத்தத்துக்கு வருகிறது; இன்னொரு பங்கு கல்லீரலிலேயே தூங்குகிறது. அந்தத் தூங்கும் கிருமியைக் குளோரோகுயின் தொடாது. சில வாரமோ பல மாதமோ கழித்து அது விழித்து ரத்தத்துக்கு வரும்போது, புதிதாக ஒரு கொசு கடிக்காமலேயே மகனுக்கு மறுபடி மலேரியா வரும். அப்போது அவனைக் கடிக்கும் கொசு அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். பிரிமாகுயின் கொடுப்பது அந்தத் தூங்கும் கிருமியை ஒழிக்கத்தான். காய்ச்சல் விட்ட பிறகும் அது தொடர்வதன் காரணம் இதுவே.

மீதமிருக்கும் ஒன்பது நாள் மாத்திரையை நீங்களாக எடுத்துத் தொடர வேண்டாம். மகனையும் மாத்திரை அட்டையையும் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எந்த நாளில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுபடி ரத்தம் பார்த்து, மருந்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே 14 நாள் கொடுக்க வேண்டியிருக்கும். மலேரியாச் சிகிச்சைக்கான தேசிய அட்டவணையில் 9 முதல் 14 வயதுக்கு பிரிமாகுயின் தினம் 10 மில்லிகிராம். ஆனால் மெலிந்த குழந்தைக்கு எடையையும் பார்ப்பார்கள்.

வயிற்று வலி வந்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றில் கொடுத்தால் பிரிமாகுயின் பலருக்கு வயிற்றைப் பிடிக்கும். இட்லியோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். நிறுத்தியே ஆக வேண்டிய அறிகுறி வேறு: சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, நடந்தாலே மூச்சு வாங்குவது, உதடு வெளுத்துப் போவது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலருக்கு இந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மாத்திரையை நிறுத்தி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வீட்டு ரத்த வழியில் யாருக்காவது மருந்து சாப்பிட்டு இப்படி ஆனதுண்டா என்று தெரிந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிலவேம்பு பற்றி உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். பேரன் மேல் உள்ள பாசத்தில் செய்கிறார். கஷாயம் மலேரியாக் கிருமியைக் கொன்று தீர்க்காது. மாத்திரைக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, காலண்டரில் ஒரு கோடு. 14 கோடு விழுந்தால் முடிந்தது.

அடுத்த ஒரு வருடத்துக்கு அவனுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், சளிக் காய்ச்சல் போலத் தெரிந்தாலும், "இவனுக்கு விவாக்ஸ் வந்திருக்கிறது" என்று சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு அனுப்பலாம். ஒரே டம்ளரில் குடிப்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ மலேரியா ஒட்டாது. வகுப்பு ஆசிரியர் தயங்கினால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தேதிகள் சொல்வது என்ன

நீங்கள் தேதிகளை இவ்வளவு ஒழுங்காக எழுதியது மிகவும் உதவியது. அவற்றை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுவால் உடனே நோயைப் பரப்ப முடியாது. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து அதன் உமிழ்நீருக்கு வரச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். அந்தக் கொசு கடித்த பிறகு விவாக்ஸ் காய்ச்சலாக வெளிப்பட இன்னும் 12 முதல் 18 நாள். உங்கள் வாடகைப் பையன் ஜூன் 27 முதல் ஜூலை 6 வரை மருந்தில்லாமல் காய்ச்சலோடு இருந்திருக்கிறான். கூட்டிப் பார்த்தால், அவனிடமிருந்து கிருமியை எடுத்த கொசு உங்கள் வளாகத்தில் யாரையாவது கடித்திருந்தால் ஜூலை 19-க்கும் ஆகஸ்ட் 7-க்கும் இடையில் காய்ச்சல் வர வேண்டும். மகனுக்கு வந்தது ஆகஸ்ட் 2.

இது நீதிமன்றச் சாட்சியம் ஆகாது. வேறொருவர் ரத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனாலும் கணக்குப் பொருந்துகிறது. அப்படியென்றால் அந்தப் பையன் கிருமியைக் கொண்டு வந்தான் என்பது உண்மை. அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்களையும் தேதிகள் சொல்கின்றன. ஒன்று, காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நடுவே ஒன்பது நாள் வீணாகிப்போனது. முதல் நாளே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் 20 நிமிடத்தில் முடிவு தெரிந்திருக்கும். இரண்டு, உங்கள் வளாகத்திலேயே மலேரியாக் கொசு பிறந்து, குறைந்தது பத்து நாள் சுகமாக உயிரோடு இருந்திருக்கிறது. அதை ஒடிசாவிலிருந்து யாரும் பெட்டியில் வைத்துக் கொண்டு வரவில்லை.

"இந்தக் காலத்தில் ஏது மலேரியா" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இதே எண்ணம் நாட்டுக்கே ஒருமுறை வந்தது. 1958-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தால் 1965-இல் இந்தியா முழுவதும் சுமார் 1 லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்குக் குறைந்தது. கவனம் தளர்ந்தது. 1976-இல் 64 லட்சம். இப்போது 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்திருப்பதால், எண்ணிக்கை குறைந்த மாவட்டங்களில் ஒவ்வொரு நோயாளிக்கும் வீடு தேடி வருகிறார்கள். உங்கள் வீட்டுக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் போனது உங்களை அவமானப்படுத்த இல்லை.

சாக்கடையும் புகையும்

தெருச் சாக்கடையில் முட்டையிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும் அது யானைக்கால் நோயைப் பரப்பும்; மலேரியாவைப் பரப்பாது. மலேரியா பரப்பும் அனாபிலஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர் பிடிக்காது. நகர்ப்புறமாக மாறிவரும் இடங்களில் முக்கியமானது அனாபிலஸ் ஸ்டீபன்சி. மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, கிணறு, சிமெண்ட் தொட்டி, மூடாத டிரம் என்று மனிதன் சேர்த்து வைக்கும் சுத்தமான தண்ணீர்தான் அதன் பிறப்பிடம். தென்பெண்ணை ஓரக் கிராமங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற வகை ஆற்று மணல் குழிகளிலும் வாய்க்காலிலும் மழைத் தேக்கத்திலும் வளரும். உங்கள் கடிதத்தில் ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. மூடியில்லாத 2,000 லிட்டர் சின்டெக்ஸ் இருக்கிறது.

புகை அடித்தால் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு சாகும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நான்கு நாளில் அடுத்த கூட்டம் இறக்கை முளைத்து வரும். நோய் வேகமாகப் பரவும்போது சுகாதாரத் துறையே முடிவெடுத்து அடிப்பார்கள். அதற்கு அர்த்தம் உண்டு. மனுக் கொடுப்பதானால் சாக்கடை அடைப்புக்காகக் கொடுங்கள், அதுவும் தேவைதான். மலேரியாவுக்கென்று ஒரு மனு எழுதுவதானால், தெருவில் எல்லா வீட்டுக்கும் தொட்டி பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று எழுதுங்கள்.

மாடித் தொட்டி

இங்கேதான் உங்கள் கையில் முழு அதிகாரமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்காமல் பிழைக்க முடியாது. பிடித்து வைத்த தண்ணீருக்கும் கொசுவுக்கும் நடுவே வழி இல்லாமல் செய்வதுதான் வேலை.

முதலில் பாருங்கள். காலை வெயிலில், ஒரு வெள்ளைக் கிண்ணம் அல்லது பெரிய கரண்டி, ஒரு டார்ச். சாக்கை மெதுவாக விலக்கி இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அதிர்வும் நிழலும் பட்டால் புழு கீழே முங்கிவிடும். பிறகு ஓரமாகச் சாய்த்து மொண்டு பாருங்கள், ஐந்து இடத்தில். தண்ணீர் மேல்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் மிதப்பது அனாபிலஸ் புழு. தலைகீழாகத் தொங்குவது மற்ற வகை. கமா குறி போல் சுருண்டு துள்ளுவது கூட்டுப்புழு. அது இருந்தால் இரண்டு நாளில் கொசு பறக்கப் போகிறது என்று பொருள். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவையும் அடையாளம் காணலாம்: அனாபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கி, சுவரில் முள் குத்தியது போலச் சாய்ந்து உட்காரும்.

சாக்கும் கல்லும் மூடி ஆகாது. மடிப்பு வழியாகக் கொசு தாராளமாகப் போகும். போதாததற்கு, சாக்கின் கீழ் இருட்டும் ஈரமும் அதற்கு ஓய்வெடுக்க வசதியான இடம். அந்தக் கம்பெனி அளவுக்கான மூடியைத் தனியாகவே கடையில் வாங்கலாம். தொட்டியின் லிட்டர் அளவையும் வாயின் குறுக்களவையும் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பொருந்தாமல் திரும்பி வர வேண்டியிருக்கும். மூடி வரும் வரை, பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் தொட்டி வாயில் விறைப்பாக இழுத்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள்.

மூடி போட்டாலும் பலர் கோட்டைவிடுவது மற்ற துளைகளில். நிரம்பினால் வழியும் ஓவர்ஃப்ளோ குழாயும் காற்றுக் குழாயும் கொசுவுக்குத் திறந்த வாசல். அவற்றின் வெளி வாயில் நைலான் வலை கட்டுங்கள். வலைக் கண் 1.2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஜன்னலுக்குப் போடும் கொசுவலைத் துண்டு போதும். துணி கட்டினால் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும், வலையே நல்லது. அதையும் மாதம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் ஏறும் குழாய் நுழையும் இடத்தில் சுற்றி இடைவெளி இருந்தால் எம்-சீல் வைத்து அடையுங்கள். தரைத்தொட்டியின் இரும்பு மூடியில் தூக்குவதற்கென்று இரண்டு ஓட்டை இருக்குமே, அவையும் வாசல்தான். மரக்கட்டை செதுக்கி அடைத்துவிடுங்கள்.

முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் எந்தப் புழுவும் இறக்கை முளைக்கும் வரை வாழாது. மூட முடியாததையெல்லாம், மாட்டுக்கு வைக்கும் கல்தொட்டி, டிரம், அண்டா, குளியலறை வாளி, அந்த நாளில் கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்த்துக் காயவிட்டு நிரப்புங்கள். அனாபிலஸ் முட்டை தண்ணீரில் மிதப்பது, கொட்டினாலே போய்விடும். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு கிடக்கும், தேய்ப்பது அதற்காக. ஒரு வேலையில் இரண்டு நோய்க்கும் காவல்.

பின்பக்கத்தில் பயன்படுத்தாத கிணறு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு கம்பூசியா மீன் சரியான தீர்வு. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார். நீர்ப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 மீன். 3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றுக்கு 35 முதல் 70. வாளியில் கொண்டு வந்ததும் கொட்டிவிடாமல், கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து பழக்கி விடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ இந்த மீனை விடாதீர்கள். நம் நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

இனி அந்த மருந்து. பணியாளர்கள் கொண்டு வருவது டெமிஃபாஸ், அபேட் என்று அழைப்பார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மருந்து இது. உங்கள் 2,000 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம் மூலமருந்துதான் கணக்கு. லேசான வாடை இருக்கும். அளவு மீறாதவரை குழந்தைக்கும் மாட்டுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அளவுதான் இங்கே உயிர், ஆகவே உரக்கடையில் எதையாவது வாங்கி நீங்களே ஊற்ற வேண்டாம். மண்ணெண்ணெய், கழிவு ஆயில் எதுவும் குடிநீரில் கூடவே கூடாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் புழு சாகும் என்பதும் தவறு. 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற குடிநீர் அளவு வாந்திபேதிக் கிருமிக்குத்தான், புழு அதில் நீந்திக்கொண்டே இருக்கும்.

வீட்டில் தனியாக இருக்கும்போது தெரியாத ஆண்களை மாடிக்கு விடத் தயங்கியது நியாயமே. அடையாள அட்டை கேளுங்கள். மாமியாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட நிற்கச் சொல்லுங்கள். கணவர் வீட்டில் இருக்கும் நாளைச் சொல்லி அன்று வரச் சொல்லுங்கள். வராதீர்கள் என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு வளரும் தண்ணீரை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் உண்டு. ஐந்து குடித்தனத்துக்கும் தண்ணீர் கொடுக்கும் தொட்டி உங்களுடையது என்பதால் அந்தப் பொறுப்பும் உங்களுடையதே.

காலி செய்யச் சொல்லலாமா

வேண்டாம். மனிதாபிமானத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காலி செய்தால் உங்களுக்கே ஆபத்து கூடும். மருந்து முடித்துத் தேறிய அந்தப் பையனிடமிருந்து இன்று யாருக்கும் கிருமி போகாது. அவனைத் துரத்தினால் மற்ற நான்கு வீட்டுப் பையன்களும் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: காய்ச்சல் வந்தால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லக் கூடாது. ஒளித்து வைக்கும் காய்ச்சல்தான் உங்கள் மகனைத் தேடி வரும். காலியான வீட்டுக்கு வரப்போகிறவர்களும் எங்கிருந்தோ வருகிறவர்கள்தான். தொட்டியும் அதே தொட்டிதான். நோய் வந்தது என்பது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் வெளியேற்றும் காரணங்களில் ஒன்றாக இல்லை. தண்ணீரை நிறுத்தி நெருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

பதிலாக இதைச் செய்யுங்கள். இந்த வாரமே சுகாதார ஆய்வாளரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ அழைத்து, உங்கள் வீடு உட்பட வளாகத்தில் உள்ள எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இலவசம்தான். ஷிப்ட் பையன்கள் எல்லோரும் இருக்கும் நேரம் ஞாயிறு காலையாக இருக்கும், அதைச் சொல்லி வையுங்கள். மலேரியா அடிக்கடி வரும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கிருமி இருக்கக் கூடும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று யாரையும் விட்டுவிட வேண்டாம்.

பையன்களோடு ஒரு உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: ஊருக்குப் போய் வந்தால் சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் மறுநாளைக்குள் ரத்தம் பார்க்க வேண்டும், அதற்காக வாடகையோ வீடோ போகாது. மொழி தடையாக இருக்கும். அவர்கள் இந்தியில் "புகார்" என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். ஒடியாவில் "ஜ்வர", நம் ஜுரம்தான். கிளினிக்குக்குப் போனாலும் ஊசிக்கு முன் மலேரியாப் பரிசோதனை என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால்தான் மலேரியா என்று காத்திருக்கவும் கூடாது. ஆரம்பத்தில் தினமும் வரும். ஒடிசாவில் ஃபால்சிபாரம் வகையும் அதிகம், அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கும். அதற்கு மாத்திரையும் வேறு. யாருக்காவது வலிப்பு, மயக்கம், ஓயாத வாந்தி, மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் என்றால் 108 அழையுங்கள்.

இரவுப் படுக்கை

அனாபிலஸ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். திண்ணையில் படுக்கும் மாமியாரும், புழுக்கத்துக்குப் பயந்து மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கும் பையன்களும்தான் அதற்கு முதல் இரை. சுருளும் திரவ மருந்தும் திறந்த வெளியில் பயன்படாது. கொசுவலை பயன்படும். மாடியில் நான்கு மூலைக்குச் சிமெண்ட் டப்பாவில் குச்சி நட்டுக் கட்டலாம். ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். உடம்பு வலையில் ஒட்டிப் படுத்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும், ஆகவே அகலமான வலை வாங்குங்கள். கிழிசலை அன்றே தையுங்கள். மருந்து ஊறிய நீடித்த வலை கிடைத்தால், புதிதில் ஒரு நாள் நிழலில் விரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சாதாரண சோப்பில் குளிர்ந்த நீரில் அலசி நிழலிலேயே காய வையுங்கள். சுமார் 20 அலசலோ மூன்று வருடமோ தாங்கும். வெயிலில் காய்ந்தால் மருந்து சீக்கிரம் போய்விடும்.

வலை நோயாளிக்குத் தேவையில்லை, நல்லா இருப்பவர்களுக்குத்தான் என்று நினைப்பதுண்டு. காய்ச்சலின் முதல் வாரத்தில் நோயாளியை வலைக்குள் படுக்க வைப்பதுதான் மற்றவர்களைக் காப்பது. அவரைக் கடிக்க முடியாத கொசுவிடம் கிருமி ஏது?

நாத்தனார்

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் ரத்தம் வேகமாகக் குறையும். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரக்கூடும். பிரிமாகுயினைக் கர்ப்ப காலத்தில் கொடுக்கக் கூடாது என்பதால் விவாக்ஸ் திரும்பி வருவதைப் பிரசவம் வரை தடுத்து நிறுத்துவதும் கடினம். குளோரோகுயின் மட்டும் கொடுக்கலாம். ஆகவே உங்கள் பயம் வீண்பயம் இல்லை. ஆனாலும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கும் ஆவணி கடைசிக்கும் நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. தொட்டிகளை இந்த வாரமே மூடிவிட்டால் புதுக் கொசு பிறப்பது நிற்கும். ஏற்கெனவே பறப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குள் செத்துவிடும். எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, மகனுக்கும் 14 நாள் முடிந்துவிட்டால் அழைத்து வாருங்கள். இவற்றில் ஏதாவது பாக்கி என்றால் புரட்டாசி முதல் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அவருக்கு ஜன்னலில் வலை அடித்த அறையைக் கொடுங்கள். கட்டிலுக்கு அகலமான கொசுவலை, மாலை ஆறு மணிக்கு மேல் முழுக்கை உடை. வந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, இந்த வளாகத்தில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் மலேரியா இருந்தது என்று தாய்சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் அன்றே பரிசோதனை. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும், அந்த வரியைப் பார்க்கும் மருத்துவர் முதலில் மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பார்.